கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே

அந்தப் போனைக் கவிழ்த்து வை தம்பி. சாயங்காலத்திலிருந்து பார்க்கிறேன், தொட்டில் படமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறாய். இது உயரம், அது குட்டை, இதற்குச் சக்கரம் இல்லை, அதற்கு வலை இல்லை... உள்ளே உன் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், வெளியே நீ தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாய். பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைகளுக்கு ராத்திரியில் வேறு வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன். எல்லாரும் இந்தப் பெஞ்சுக்கு வாருங்கள். நெருங்கி உட்காருங்கள்... சத்தமாகச் சொன்னால் நர்ஸம்மா விரட்டிவிடுவார்.

இது என் கூட்டாளியின் சகலைக்கு நடந்தது. கூட்டாளியின் மனைவிக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கையின் புருஷன். நான் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். அந்தக் கட்டிலையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரவு ஒன்றரை மணி. ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் அகலமான சாலை. இரண்டு பக்கமும் கடைகள் சாத்திக் கிடந்தன. எதிரே ஒரு வண்டி இல்லை... ஒரு நாய்கூட இல்லை. அவனுடைய வேன் மட்டும், பின்னால் ஸ்பானர் பெட்டி கடகடக்கப் போய்க்கொண்டிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக் அவன். கூட வேலை செய்கிறவர்கள் 'ரசமட்டம்' என்று கூப்பிடுவார்கள். எந்நேரமும் சட்டைப் பையில் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். அதுதான், கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுமே, அது. மாமனார் வீட்டுக்கு முதல் தடவை போனபோது சாப்பாட்டு மேஜையின் மேல் அதை வைத்துப் பார்த்து, "கொஞ்சம் சாயுது மாமா" என்று சொன்ன புண்ணியவான். ஆனால் வேலையில் கெட்டிக்காரன். லிஃப்ட் வந்து நின்றால் அதன் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற சந்து அளவோடு இருக்க வேண்டும். அகலமானால் குழந்தை கால் போய்விடும். மட்டத்தைக் குமிழி சொல்லும். சந்தை மட்டும் அவன் விரலை விட்டுத்தான் பார்ப்பான். "கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது" என்பது அவன் வேதவாக்கு.

அன்றைக்கு அவனுக்கு இருந்த எரிச்சலில் வேனின் கியர் கழன்று கையோடு வந்திருக்க வேண்டும். காரணம் தொட்டில்.

மனைவிக்கு ஆபரேஷன் பண்ணித்தான் பாப்பா பிறந்தது. தையல் ஆறவில்லை. குனிய முடியாது, சட்டென்று எழ முடியாது. அவள் சுலபமாக இறங்க வேண்டுமே என்று இவன் கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வெட்டி வைத்து உயர்த்தியிருந்தான். நல்ல எண்ணம்தான். அதுதான் வினை. கட்டிலை ஒட்டி வைக்கிற தொட்டில் வேண்டும் என்று அவள் கேட்டாள். கட்டில் பக்கம் திறந்திருக்கும், படுத்தபடியே கையை நீட்டினால் குழந்தை... அந்த மாதிரி. கடை கடையாக ஏறி இறங்கினான். ஒன்று ஒரு சாண் கீழே நின்றது. இன்னொன்றை உயர்த்தித் தாழ்த்தத் துளை போட்டிருந்தார்கள். ஒரு துளையில் மாட்டினால் கட்டிலுக்குக் கீழே, அடுத்த துளையில் மாட்டினால் கட்டிலுக்கு மேலே. மட்டம் சரியாக வந்த ஒன்றில் ஒட்டவைத்துப் பார்த்தால் சந்தில் மூன்று விரல் போனது. கடைக்காரப் பெண் பொறுமையானவள்தான்... அவளே கடைசியில், "சார், நீங்க தொட்டில் வாங்க வந்தீங்களா, பரிசோதனை பண்ண வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் போனில் மனைவியின் அக்கா.

"தம்பி, சக்கரம் வச்சதா பாருங்க."

"சக்கரம் வச்சா நகரும் அக்கா."

"நகரத்தானே தம்பி சக்கரம்?"

 தொட்டில் வராத வரைக்கும் பாப்பா கட்டிலில் அம்மா பக்கத்தில். புரண்டு படுத்தால் நசுங்கிவிடுமோ என்று பயந்து இவன் தரையில். பாப்பா மணிக்கொரு தரம் அழும். அவள் மேலிருந்து, "ஏங்க... ஏங்க..." என்பாள். இவன் செத்த கட்டைபோலக் கிடப்பான். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் நின்றவனுக்கு வேறெப்படித் தூக்கம் வரும்? அன்று ராத்திரி அவள் தண்ணீர் பாட்டிலை எறிந்துதான் எழுப்பினாள்.

"ஊர் உலகத்துல எல்லாருக்கும் தொட்டில் கெடைக்குது. உங்களுக்கு மட்டும் எங்க போனாலும் சந்துதான் கெடைக்குது!"

அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம், லிஃப்டில் கோளாறு. முனகிக்கொண்டே சட்டையை மாட்டினான். உண்மையைச் சொன்னால்... தப்பித்தோம் என்றுதான் இருந்தது அவனுக்கு.

கட்டடத்தில் பாதி வீடுகள் காலி. வாசலில் காவல்காரர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே உட்காரவில்லை.

"யாரும் பட்டன் அமுக்கல சார். தானா மேல போகுது. அஞ்சாவது மாடியில நிக்குது. கதவு தெறக்குது. கொஞ்ச நேரம் தெறந்தே நிக்குது... அப்புறம் கீழ வருது."

"அஞ்சாவதுல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல சார்."

மேலே போனான். மோட்டாரைப் பார்த்தான், வயரைப் பார்த்தான், பட்டனைக் கழற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழுது இருந்தால் பார்க்கலாம். பழுதே இல்லாததை எங்கே போய்ப் பார்ப்பது? ஐந்தாவது மாடியில் லிஃப்ட் வாசலில் மண்டியிட்டு, சந்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். டார்ச் வெளிச்சம் நடைவழியின் கோடிக்குப் போனது.

பூட்டிய ஒரு வீட்டின் வாசலில்... தொட்டில்.

பாதி கிழிந்த பிளாஸ்டிக் உறை. மூன்று பக்கம் மரக் கம்பி, நான்காவது பக்கம் தாழ்வாக. கட்டிலோடு சேர்த்துக் கட்ட இரண்டு வார். துளை கிடையாது, திருகு கிடையாது, ஒரே உயரம். டேப்பை எடுத்து அளந்தான். தப்பாகப் பார்த்தோமோ என்று மறுபடி அளந்தான். அவன் கட்டிலின் உயரம். அச்சு அசல். கவனியுங்கள்... அந்த உயரம் அவன் கையால் வெட்டிய மரக்கட்டையால் வந்த உயரம். அந்த அளவுக்குத் தொட்டில் செய்ய எந்தக் கம்பெனிக்காரனுக்கும் வழியில்லை. உனக்கும் எனக்கும் இது உறைத்திருக்கும். ராத்திரித் தூக்கம் போனவனுக்கு உறைக்கவில்லை. 'அப்பாடா' என்றுதான் இருந்தது.

கீழே வந்து காவல்காரரைக் கேட்டான்.

"அந்த வீட்டம்மா முன்னாடியே கடையில சொல்லி வச்சது சார். அவங்க ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் வந்து எறங்குச்சு. அப்புறம் அந்த அம்மா வரல. வீட்டுக்காரர் மட்டும் வந்து சாமானெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனாரு. இதைத் தொடவே இல்ல. யாருக்காவது குடுத்துடுன்னாரு."

இவன் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டது இதுதான்: "அப்ப நான் எடுத்துக்கவா?"

"தாராளமா எடுத்துக்குங்க சார். ஒரு நாள்கூடப் புள்ள படுக்காத தொட்டில்."

மறுபடி மேலே போய்த் தூக்கினான். அந்தத் தாழ்வான பக்கத்துக் கட்டை அவன் கையில் வழுக்கியது. மற்ற மூன்று பக்கமும் புது மரம், வார்னிஷ் வாசனை. அந்த ஒரு பக்கம் மட்டும்... யாரோ வெகு நாளாகக் கையை வைத்துச் சாய்ந்துகொண்டே இருந்ததுபோல வழவழ என்று தேய்ந்திருந்தது. பிள்ளை படுக்காத தொட்டில்.

லிஃப்டுக்குள் வைத்தான். பொத்தானை அழுத்தினான். கதவு மூடவில்லை. மறுபடி அழுத்தினான்... அப்போது காலடியில் லிஃப்ட் ஒரு நூலளவு இறங்கியது. உங்களுக்குத் தெரியாது, பழைய லிஃப்டில் ஆள் ஏறினால் அது ஒரு நூல் இறங்கும். நாம் கவனிக்க மாட்டோம். அவன் உள்ளங்காலுக்கு அது தெரியும். திரும்பிப் பார்த்தான். தொட்டில்தான் இருந்தது. கதவு மெதுவாக மூடியது.

வடம் தளர்ந்திருக்கிறது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

காலையில் துடைத்துக் கட்டிலை ஒட்டி வைத்தான். மெத்தையும் மெத்தையும் ஒரே மட்டம். குமிழி நட்டநடுவில் நின்றது. விரலை விட்டுப் பார்த்தான்... போகவில்லை. அவள் படுத்தபடியே கையை நீட்டிப் பாப்பாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தான்.

அன்று ராத்திரி பாப்பா அழவில்லை.

மறுநாள் ராத்திரியும் அழவில்லை. இடையில் காவல்காரர் போன் செய்து, "லிஃப்ட் ஒழுங்காயிடுச்சு சார். என்ன கைராசி சார் உங்களுக்கு!" என்றார். என்ன சரிசெய்தோம் என்று இவனுக்கே தெரியாது. சரி, நல்லது என்று வைத்துவிட்டான். அடுத்த நாள் காலை அவள் இவன் தட்டில் இரண்டு தோசை அதிகமாக வைத்தாள்.

"பரவாயில்ல, திருந்திட்டீங்க. ராத்திரி நீங்க எழுந்து பாப்பாவைத் தட்டிக் குடுக்கிற சத்தம் கேட்டுச்சு. அதைக் கேட்டுக்கிட்டே நானும் தூங்கிட்டேன்."

இவன் எழுந்திருக்கவே இல்லை. அரைத் தூக்கத்தில் இவனுக்கும் அந்தத் தட்... தட்... தட்... காதில் விழுந்தது, அவள்தான் தட்டுகிறாள் என்று நினைத்திருந்தான். ஆனால் வலிய வந்த நல்ல பெயரை வேண்டாம் என்று சொல்ல எந்தப் புருஷனுக்கு மனசு வரும்? வாயை மூடிக்கொண்டு தின்றான். சிரிக்காதே தம்பி, உனக்கும் அந்த நாள் வரும்.

பிறகுதான் சந்து ஆரம்பித்தது.

ஒரு காலையில் பழக்கத்தில் விரலை விட்டான். போனது. வாரை இறுக்கினான். மறுநாள் காலை இரண்டு விரல். அதற்கு மறுநாள் கை முழுதாகப் போனது. சக்கரம் இல்லாத தொட்டில்! வார் அறுந்துபோகிற மாதிரி இழுபட்டுக் கிடந்தது.

"முட்டியால தள்றியா?"

"எனக்குத் திரும்பிப் படுக்கவே உயிர் போகுது, நான் தொட்டிலைத் தள்றேனா? உங்க கட்டுற லட்சணம் அப்படி!"

மறுபடி சண்டை. அது போதாதென்று பாப்பா காலையில் பால் குடிப்பதை நிறுத்தியது. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வயிறு நிறைந்த பிள்ளைபோலக் கொட்டாவி விடும். இவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. காய்ச்சல் வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். "என் புள்ளைக்கு என்னைப் புடிக்கலங்க" என்றாள்.  யார் மேல் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்கா போனில், "நீ சாப்பிடறது சரியில்லடி" என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனார்கள். பால் குடிக்காத பிள்ளை இளைத்திருக்குமே என்று இருவரும் பயந்துகொண்டே நின்றார்கள். எடை பார்க்கிற நர்ஸ் பாப்பாவைத் தராசில் கிடத்தினார். முகம் மலர்ந்தார்.

"ரொம்ப நல்லா ஏறியிருக்கு! ராத்திரியில நல்லாப் பால் குடுக்கறீங்கபோல. இப்படியே குடுங்கம்மா."

 திரும்பி வரும்போது வேனில் அவள் கேட்டாள்.

"ராத்திரியில நீங்க புட்டிப்பால் ஏதாவது குடுக்கறீங்களா?"

"நம்ம வீட்டுல புட்டியே கெடையாதே."

"அப்ப எழுந்து தட்டறப்ப வேற என்னதான் பண்றீங்க?"

அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

"நான்... எழுந்ததே இல்ல. நீதான் தட்டறேன்னு நெனச்சேன்."

"என் கைக்கு எட்டற எடத்துலயா இருக்கா அவ? காலையில பார்த்தா தொட்டில் அவ்வளவு தள்ளியில்ல நிக்குது?"

அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. கட்டிலை ஒட்டிய தொட்டிலைப் பார்த்தபடி எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டான். குளியலறை விளக்கை மட்டும் போட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தான். காய்ச்சல் மாத்திரை போட்ட அசதியில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

முதலில் வாசனை. பினாயில்... தரையைத் துடைத்துவிட்டுப் போன ஆஸ்பத்திரி வராந்தா வாசனை. இதோ இப்போது நமக்கு அடிக்கிறதே, இதே வாசனை. அதோடு லேசாகப் புளித்த பால்.

பிறகு... க்ரீச்.

தொட்டிலின் கால் நகர்ந்தது. கொஞ்சம் நின்றது. க்ரீச்... மறுபடி கொஞ்சம். நெரிசலில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து உட்கார இடம் பண்ணிக்கொள்வாரே, அப்படி. வார் முறுக்கேறி நின்றது. பாப்பாவின் மேல் போர்த்தியிருந்த துணி ஓரிடத்தில் அமுங்கியது. எழும்பியது. தட்... தட்... தட்... பாப்பா முகத்தைச் சந்துப் பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகு சத்தம் நின்றது. வேறு சத்தம் வந்தது.

ப்ச்... ப்ச்... ப்ச்...

  தவழ்ந்து போய்ச் சந்துக்குள் கையை விட்டான். ஒன்றும் இல்லை. குளிரவும் இல்லை. வெதுவெதுவென்று இருந்தது... இப்போதுதான் ஒருவர் எழுந்துபோன நாற்காலி மாதிரி.

பாப்பாவை வாரி எடுத்தான். அத்தனை ராத்திரியும் அழாத பாப்பா வீறிட்டது. பாதிப் பாலில் பிடுங்கினால் அழுமே, அந்த அழுகை. கடைவாயில் வெள்ளையாக ஒரு சொட்டு.

அவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். பயம் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் கோபம் முந்திக்கொண்டது. எத்தனை கடை, எத்தனை பேச்சு, எத்தனை ராத்திரி! ஊரெல்லாம் தேடிக் கடைசியில் ஒன்று பொருந்தியது... அதற்கும் பங்குக்கு வருகிறாயா? வேனுக்கு ஓடினான். மோட்டாரைக் கட்டித் தூக்குகிற அகலப் பெல்ட்டை எடுத்துவந்து, கட்டிலையும் தொட்டிலையும் சேர்த்துச் சுற்றி, இறுக்கு இறுக்கென்று இறுக்கினான். மரம் முனகியது. விரலை விட்டுப் பார்த்தான். சுண்டுவிரல் நகம்கூடப் போகவில்லை.

"இனிமே எங்க உக்காருவ?" என்றான், யாரிடமோ.

அவன் பிழைப்பே சந்தை மூடுவதுதான். மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற சாதி. சந்தில் இருந்தது எங்கே போகும் என்று யோசிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. பாப்பாவைத் தொட்டிலில் விட்டான். தரையில் படுத்தான். விடிய விடிய ஒரு சத்தமும் இல்லை.

காலையில் பெல்ட் போட்டது போட்டபடி இருந்தது. சந்து இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்தவன், மனைவியைப் பார்த்தான். அவள் எப்போதும் தொட்டிலை ஒட்டிப் படுக்கிறவள். இப்போது கட்டிலின் அடுத்த ஓரத்தில், சுவரோடு சுவராக ஒடுங்கிக் கிடந்தாள்.

"தையல் போட்ட எடம் வலி தாங்கலங்க. ராத்திரி பூரா ஏன் என்னைத் தள்ளிக்கிட்டே இருந்தீங்க?"

"நானா? நான் கீழதான படுத்திருந்தேன்..."

இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தார்கள். அவள் வழக்கமாகப் படுக்கிற இடத்தில், மெத்தை ஒரு ஆள் அளவுக்குப் பள்ளமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக மேலே எழும்பிச் சமமானது.

அந்த நிமிஷமே தொட்டிலைத் தூக்கி வேனில் போட்டான். அவளையும் பாப்பாவையும் முன்னறையில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினான். அந்தக் கட்டடம். லிஃப்டுக்குள் தொட்டிலை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காலடியைக் கவனித்தான். தொட்டில் பாரத்துக்கு இறங்கியது. அவன் ஏறியபோது அவன் பாரத்துக்கு இறங்கியது. இன்னொரு ஆளும் ஏறட்டும் என்று கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டு நின்றான்...

அதற்கு மேல் இறங்கவில்லை.

ஐந்தாவது மாடியில், அதே வாசலில், அதே பக்கம் பார்க்க வைத்தான். கீழே வந்தான். லிஃப்டுக்கு எதிரே படிக்கட்டில் உட்கார்ந்தான். தானாக மேலே போனால்... கதவு திறந்து காத்திருந்தால்... அந்த வீட்டம்மா வந்து சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். மதியம் ஆனது. பொழுது சாய்ந்தது. லிஃப்ட் அசையவில்லை.

"என்ன சார் பார்த்துக்கிட்டே இருக்கீங்க? அதான் நல்லா ஓடுதே" என்றார் காவல்காரர்.

"ஒரே ஒரு தடவை போயேன்... ஒரே ஒரு தடவை" என்று இவன் லிஃப்டைப் பார்த்துக் கெஞ்சினான். லிஃப்ட் கெட்டுப்போகட்டும் என்று கும்பிட்ட மெக்கானிக் உலகத்திலேயே இவன் ஒருவன்தான் இருப்பான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டிலிருந்து போன் வந்தது. இருட்டுகிறது, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, வாருங்கள் என்றாள் அவள்.

வேறு எங்கே போய்ப் படுப்பது, சொல்லுங்கள். அக்கா வெளியூர், கிளம்பி வருவதற்குக் காலையாகிவிடும். அவளால் தரையில் உட்கார முடியாது. அதே அறை, அதே கட்டில். பாப்பாவை நடுவில் விட்டு, இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். இரண்டு பேரும் ஒட்டிப் படுத்தார்கள். இவன் தோள் பாப்பாவின் தலையைத் தொட்டது, அவள் கை பாப்பாவின் இடுப்பில் இருந்தது. காற்று போகக்கூட இடமில்லை. விளக்கை அணைக்கவில்லை. பாப்பா அழாமல் தூங்கியது. வாசனை இல்லை. தட்டுகிற சத்தம் இல்லை. கண் இமை கனத்தது.

"ஏங்க..." என்றாள் அவள், மிகவும் மெதுவாக. "பாப்பா கையைப் பாருங்க."

பச்சைக் குழந்தையின் கையில் நம் விரலைக் கொடுத்தால் எப்படிப் பிடித்துக்கொள்ளும், பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பிடி. தூங்குகிற பாப்பாவின் வலது கை மேலே தூக்கி நின்றது... அந்தரத்தில், ஆடாமல். முஷ்டி மூடியிருந்தது, ஆனால் முழுதாக மூடவில்லை. நடுவில் வட்டமாக ஒரு சந்து. அந்தச் சந்தின் வழியாக அவனுக்கு எதிர்ச் சுவர் தெரிந்தது. மெல்லிசான ஒரு பெண்ணின் விரல் அளவு.

கண்ணை நம்பாதவன் அவன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரலை நீட்டினான். சந்து இருந்தது. வெளிச்சம் தெரிந்தது. விரலை வைத்து மெதுவாகத் தள்ளினான்.

போகவில்லை.